பத்தியச் சோறு

என் அக்காவைத் திருவனந்தபுரத்து ஆரியசாலையில் கட்டிக்கொடுத்தபோது எங்கள் ஊரில் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: அரிசிக் கடைக்காரர் வீடு, சோற்றுக்குக் குறைவிருக்காது. குறைவில்லைதான். ஆனால் இரண்டு வருஷத்துக்குள் அந்த வீட்டிலிருந்து ஒரு கைக்குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துப் போனார்கள்.

எங்களுக்கு அம்மா இல்லை. பிரசவத்துக்கு அழைத்து வந்து பார்க்க ஆளில்லாததால் அக்கா தலைப்பிள்ளையை மாமியார் வீட்டிலேயே பெற்றாள். பெண் குழந்தை. மூன்றாம் மாதத்தில் இறந்துபோய்விட்டது. பட்சி தோஷம், பறவை நிழல் பட்டுவிட்டது என்று எங்களுக்குச் சொல்லியனுப்பினார்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டார். மறுபடி அவள் உண்டானபோது, துணைக்கு என்னை அனுப்பும்படி அங்கிருந்து ஆள் வந்தது. இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு ஒன்றிரண்டு வருஷம் முன்னால் இருக்கும். எனக்குப் பதினாறு வயது. நாகர்கோவிலில் பஸ் ஏறித் திருவனந்தபுரம் வந்து சேர்ந்தேன்.

வீட்டின் முன்பக்கம் கடை, பின்பக்கம் குடித்தனம். நடுவில் மூட்டைகள். அத்தான் மில் அரிசியை மொத்தமாக வாங்கி விற்றார். யாராவது வந்தால் ஒரு கை அள்ளி, உள்ளங்கையில் பரப்பிக் காட்டுவார். “பாத்தீங்களா, மல்லிகைப்பூ மாதிரி!” என்பார். எங்கள் ஜனங்களுக்கு வெள்ளை என்றால் போதும். பெண் பார்க்கப் போனாலும் அதே கண்தான். கறுப்பாகப் பிறந்த எனக்கு அந்தப் பேச்சைக் கேட்டாலே எரிச்சல் வரும்.

அக்காவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. அன்றிலிருந்து அவளுடைய சாப்பாட்டை அத்தை, அதாவது அவள் மாமியார், தன் கையில் எடுத்துக்கொண்டார். அவரைக் கொடுமைக்காரி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அப்படி இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். வாயாரத் திட்டித் தீர்த்திருப்பேன். முதல் குழந்தைக்காக என் அக்காவுக்குச் சமமாக அழுதவர் அவர். அந்தக் குழந்தை போனதற்குக் காரணம் பத்தியத்தில் எங்கோ விட்ட குறை என்பது அவருடைய நம்பிக்கை. ஒரு துண்டு முருங்கைக்காயை மருமகள் அறியாமல் தின்றுவிட்டாளோ என்றுகூட அவருக்குச் சந்தேகம். ஆகவே இந்தத் தடவை பத்தியம் இரட்டிப்புக் கடுமை.

வீட்டில் மற்ற எல்லோரும் சிவப்புப் புழுங்கல் அரிசிச் சோறுதான் சாப்பிட்டோம். பிள்ளை பெற்றவளுக்கு அது மந்தமாம். அவளுக்கென்று கடையிலிருந்து பழைய பச்சரிசியில் இருப்பதிலேயே வெள்ளையான மூட்டையைப் பிரிப்பார்கள். அத்தை அதைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்த் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார். தண்ணீர் தெளிந்த பிறகும் விடமாட்டார்.

“போதும் அத்தை, அரிசி தேஞ்சு போயிரும்” என்றேன் ஒரு நாள்.

“நல்லா வெளுக்கணும் மக்களே. பால் குடிக்குத பிள்ளைக்கு ஒரு அழுக்கும் போயிரக் கூடாது, கேட்டியா?”

நிறையத் தண்ணீரில் வேகவைத்து, கஞ்சியை ஒட்ட வடித்து, அந்தச் சோற்றில் மிளகு ரசமோ பூண்டுக் குழம்போ ஊற்றிக் கொடுப்பார். பருப்பு வாயு. கீரை பேதி. மோர் சளி. காய்கறி என்ற பேச்சே கிடையாது. கழுநீர், கஞ்சி, மில்லிலிருந்து வரும் தவிடு எல்லாம் தொழுவத்துப் பசுவுக்கு. அது மினுமினுவென்று இருந்தது.

இரண்டு மாதம் ஆனதும் அக்கா கால் எரிகிறது என்றாள். பாதத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறதாம். செருப்பில்லாமல் குளிர்ந்த தரையில் நடந்ததால் என்றார் அத்தை. கொஞ்ச நாளில் குழந்தை குடித்த பாலை எல்லாம் கக்க ஆரம்பித்தான். இரவும் பகலும் சிணுங்கினான். குரல் கம்மியது. ஒரு நாள் காலையில் நான் அவனைத் தூக்கியபோது வாயைப் பிளந்து முகம் சிவக்க அழுகிறான், சத்தம் வரவில்லை. காற்றுதான் வந்தது.

அக்கா அதைப் பார்த்தாள். “அவளும் இப்படித்தான் அழுதா” என்றாள். பிறகு சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

மந்திரவாதிக்கு ஆள் அனுப்ப அத்தை எழுந்தார். என் வாய் அன்று நன்றாகத்தான் வேலை செய்தது. மந்திரவாதி வந்தால் நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கிவிடுவேன் என்று கத்தினேன். அத்தான் சட்டையை மாட்டிக்கொண்டு போய், தம்பானூர்ப் பக்கம் வைத்தியம் பார்த்துவந்த ஒரு லேடி டாக்டரை வண்டியில் அழைத்து வந்தார்.

டாக்டரம்மா நடுவயதுக்காரர், மலையாளி. குழந்தையின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். உதடுகள் நீலம் பாரித்திருந்தன. பிறகு, யாரும் எதிர்பாராதபடி, குழந்தையை விட்டுவிட்டு அக்காவின் காலைப் பிடித்துப் பார்த்தார். கெண்டைக்காலை அமுக்கியதும் அக்கா வலியில் முனகினாள்.

“அம்மே, இவளுக்குச் சாப்பிட எந்தா கொடுக்குறது?”

அத்தை பெருமையோடு ஒன்று விடாமல் சொன்னார். கேட்கக் கேட்க டாக்டரம்மாவின் முகம் இறுகியது. பெட்டியைத் திறந்து மருந்தை எடுத்துக் குழந்தைக்கு ஊசி போட்டார். போகாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தார். மத்தியானத்துக்குள் மூச்சு வாங்குவது அடங்கியது. உதட்டின் நீலம் கலைந்தது. சாயங்காலம் குழந்தை கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் அறிந்ததில்லை. அத்தை டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

டாக்டரம்மா அப்போதுதான் விளக்கினார். அரிசியின் மேல்தோலில் விட்டமின் என்று ஒரு சத்து இருக்கிறதாம். நான் அந்த வார்த்தையைக் கேட்டது அதுதான் முதல் தடவை. மில்லில் தீட்டும்போது அது தவிட்டோடு போய்விடும். ஒட்டியிருப்பது கழுநீரிலும் கஞ்சியிலும் போய்விடும். புழுங்கல் அரிசியில், நெல்லை அவிக்கும்போதே சத்து உள்ளே இறங்கிவிடுவதால் வீட்டில் மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. இவளுக்கு மட்டும் அது கிடைக்கவில்லை. இவளுக்கு இல்லாதது இவள் பாலிலும் இல்லை. குழந்தையின் இருதயம் தளர்ந்துவிட்டது.

“சத்து முழுக்கப் பசுவுக்கு, சக்கை இவளுக்கு. இனி புழுங்கல் அரிசி கொடுக்கணும். பயறு, கீரை எல்லாம் கொடுக்கணும். கொஞ்சம் தவிடும் கலந்து கொடுங்க. கஞ்சிவெள்ளம் வெளியே களையக் கூடாது, அம்மே.”

அறையின் மூலையிலிருந்து அக்கா கேட்டாள்:

“மொதப் பிள்ளைக்கும் இதுதானா?”

டாக்டரம்மா பொய் சொல்லியிருக்கலாம். பட்சி என்றோ விதி என்றோ சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அன்றைக்கு எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. இன்றும் முழுக்கப் போகவில்லை. முதல் குழந்தை எப்படி இருந்தது, என்னென்ன செய்தது என்று விசாரித்தார். அக்கா எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னாள்.

“இதுதான், மோளே” என்றார் அவர்.

மறுநாளிலிருந்து சமையல் மாறியது. தவிட்டை வெல்லம் சேர்த்துப் பிசைந்து நான் கொடுத்தால் அக்கா மறுக்காமல் தின்றாள். கால் எரிச்சல் குறைந்தது. ஆனால் குழந்தையை மட்டும் மார்பில் போட மறுத்துவிட்டாள். இரண்டு வாரம் கழித்து டாக்டரம்மா வந்து பார்த்து, இப்போது பால் நல்ல பால், தாராளமாகக் கொடுக்கலாம் என்று எவ்வளவோ சொன்னார். அத்தை, அந்தப் பெருமைக்காரி, மருமகளின் காலைத் தொட்டுக் கெஞ்சினார். அக்கா சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு திரும்பி உட்கார்ந்தாள். குழந்தைக்கு ஆட்டுப்பாலைப் பாலாடைச் சங்கில் நான்தான் புகட்டினேன். அவன் பிழைத்து, தேறினான். கன்னத்தில் சதை வைத்தது. அத்தான் கடையில் வெள்ளை அரிசி முன்போலவே விற்றது. கேட்கிறார்கள், விற்கிறேன் என்றார்.

ஊருக்குத் திரும்புவதற்கு முன் ஒரு பகலில் எனக்குப் பொறுமை போய்விட்டது. அன்றாடம் பீய்ச்சிக் கொட்டியும் பால் கட்டிக்கொண்டு அவள் வலியில் துடிக்கிறாள், அந்தப் பக்கம் பிள்ளை பசியில் வீறிடுகிறான்.

“உனக்குப் பைத்தியமா? நல்ல பால்னு டாக்டர் சொல்லியாச்சு. அந்த அம்மா சொன்னதை நீ நம்பலையா?” என்று கேட்டேன்.

“நம்புகேன்” என்றாள்.

“பின்னே என்னா?”

அக்கா பிள்ளையைப் பார்த்தாள். அவனைத் தொடவில்லை.

“அவ கடைசியிலே குடிக்க மாட்டேன்னு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா. திரும்பத் திரும்பத் திருப்பிக்கிட்டா” என்றாள். “நான்தான் தலையைப் பிடிச்சு இழுத்து வச்சுக் குடுத்தேன்.”