சோழவரத்தில் மூன்றாம் இடம்

ஜவ்வாது மலையில் காவலூருக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கிற ஒரு சிற்றூர்க்காரன் சக்கரவர்த்தி. அப்பா சாமை விதைத்தார், புளி உலுக்கினார். இவனுக்கு அந்த வேலை ஒட்டவில்லை. மீசை அரும்பியதும் வாணியம்பாடிக்கு இறங்கி, தோல் வியாபாரம் செய்த ஒரு பாய் வீட்டில் கார் கழுவச் சேர்ந்தான். கழுவியவன் ஓட்டக் கற்றான். பிறகு அந்த வீட்டு டிரைவராகவே பல வருஷம் இருந்தான். பெரிய பாய் புது வண்டி எடுத்தபோது பழைய ஃபியட்டை இவனுக்கே கொடுத்துவிட்டார். 1976இல் அதை ஓட்டிக்கொண்டு சக்கரவர்த்தி ஊர் திரும்பினான்.

வண்டி மலைக்கு வந்த அன்று ஊரே வந்து அதைத் தொட்டுப் பார்த்தது. அதற்குப் பிறகு பிரசவ வலி கண்டவளையும் பாம்பு தீண்டியவனையும் ஆலங்காயத்துக்கு இறக்கியது அந்த ஃபியட்தான். கல்யாணப் பெண்கள் அதில்தான் வந்து இறங்கினார்கள். சக்கரவர்த்தியின் மனைவி ரஞ்சிதத்தை ஊர்ப் பெண்கள் கார்காரர் பெண்டாட்டி என்றார்கள். அவளுக்கு அது பிடித்திருந்தது. வீட்டில் இன்னொரு ஆள், சக்கரவர்த்தியின் தம்பி முனிசாமி. எவ்வளவு உயரப் புளிய மரமானாலும் வெறுங்காலோடு ஏறிவிடுவான். ஜமுனாமரத்தூர்ப் பக்கம் அவனுக்குப் பெண் பேசி முடித்திருந்தார்கள்.

பாய் வீட்டுப் பிள்ளை ஃபரூக்குக்குக் கார் ரேஸ் என்றால் பைத்தியம். மெட்ராஸுக்குப் பக்கத்தில் சோழவரத்தில், பழைய விமான ஓடுபாதையில், வருஷா வருஷம் நடக்கும் ரேஸில் ஓட்டுவான். 1979இல் டயர் மாற்ற ஆள் வேண்டுமென்று சக்கரவர்த்தியையும் கூட்டிப் போனான். அங்கே வந்திருந்த வண்டிகளில் பாதி, வீட்டில் ஓட்டுகிற சாதாரணக் கார்கள்தான். சீட்டைப் பிடுங்கி, சைலன்சரை அறுத்து, ஸ்பிரிங்கைக் குறைத்துத் தரையோடு தரையாக இறக்கியிருந்தார்கள். அவை வளைவுகளில் அடுக்கியிருந்த வைக்கோல் கட்டுகளை உரசிக்கொண்டு திரும்புவதைப் பார்த்தபோது சக்கரவர்த்தியின் கைகளும் ஸ்டியரிங்கைப் பிடித்ததுபோல் கூடவே திரும்பின.

"சின்ன பாய், இது நம்ம ஃபியட்டேதானுங்களே?"

"அதேதான். நீயும் ஒண்ணு ரெடி பண்ணு சக்கரவர்த்தி. அடுத்த வருஷம் உம் பேரை நானே எழுதிக் குடுக்கறேன்."

பக்கத்தில் நின்ற நண்பர்கள் சிரித்தார்கள். சக்கரவர்த்தியும் கூடச் சேர்ந்து சிரித்தான். ஆனால் திரும்பி வரும் வழியெல்லாம் அந்த வார்த்தையையே மனசுக்குள் சொல்லிக்கொண்டு வந்தான்.

ஊர் வந்த மறுநாள் வண்டியின் பின் சீட்டைக் கழற்றி வீட்டுக்குள் போட்டான். பிறகு முன் பக்கத்தில் தன் சீட்டைத் தவிர மற்றதையும், கதவின் உள் அட்டைகளையும், தரைவிரிப்பையும் எடுத்தான். வெறும் தகரம் மிஞ்சியது. என்ஜின் தலையைக் கழற்றி, இழுவை கூடுவதற்காக வாணியம்பாடி லேத்துப் பட்டறையில் சீவிக்கொண்டு வந்தான். வண்டி கவிழ்ந்தால் நசுங்காமல் இருக்க உள்ளே இரும்புக் கூண்டு வேண்டும். அதற்குத் தண்ணீர்க் குழாயை வளைத்து ஆலங்காயத்தில் பற்றவைத்தான். சைலன்சர் போன பிறகு அவன் வண்டியைக் கிளப்பினால் அடுத்த ஊர் நாய்கள் குரைத்தன.

காலில் சீழ் வைத்து வீங்கிப்போன பெரியம்மாள் என்ற கிழவியை அவள் மகன் தூக்கிக்கொண்டு வந்து நின்றான்.

"வண்டி இனிமே சவாரிக்கு இல்ல," என்றான் சக்கரவர்த்தி, கையைக்கூடத் துடைக்காமல்.

"சீட்டைத் தூக்கி உள்ள போட்டா உட்காந்துக்கும். ஒரு நடை போய்ட்டு வந்துடேன்," என்றாள் ரஞ்சிதம்.

"போட்டா மறுபடி கழட்டணும். உனக்கு இன்னா தெரியும்? போ உள்ள."

கிழவியை மகன் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே இறங்கினான்.

கடைசியாக மிஞ்சியது பின் பக்க ஸ்பிரிங் பட்டைகள். புளிய மரத்தடியில் வண்டியின் பின்புறத்தை ஜாக்கியால் தூக்கி, அடியில் கருங்கற்களை அடுக்கினார்கள். சக்கரங்களைக் கழற்றி, பட்டைகளில் சிலதை உருவிவிட்டு மீதியைத் திரும்பப் பூட்டினார்கள். முனிசாமி அடியில் படுத்து நட்டு முறுக்கிக்கொண்டிருந்தான். சக்கரவர்த்திக்குப் பொறுக்கவில்லை. சீவிய என்ஜின் எப்படி உறுமுகிறது என்று கேட்க வேண்டும் போலிருந்தது. உள்ளே ஏறி உட்கார்ந்தான்.

"ணா, இன்னும் ரெண்டு நட்டு கீது. இரு ணா."

"நீ உன் வேலையப் பாரு."

கிளப்பி, ஆக்சிலேட்டரை மிதித்தான். வண்டி கிடுகிடுவென்று ஆடியது. இன்னொரு முறை மிதித்தான். கல் நழுவியது.

ஆட்கள் ஓடிவந்து வண்டியைத் தூக்கி, அடியில் சிக்கியவனை வெளியே இழுத்தார்கள். முனிசாமிக்கு நினைவு இருந்தது. இடுப்பில்தான் அடி. ரஞ்சிதம் அவன் காலைத் தொட்டு, "அசைச்சுப் பாருப்பா" என்றாள். கட்டை விரல் மெல்ல அசைந்தது. சுற்றி நின்றவர்களுக்கு மூச்சு வந்தது.

"ஃபாரஸ்ட்டு பங்களாவுல ஜீப்பு நிக்குது. பாய் போட்டுப் படுக்க வெச்சு மெதுவா இட்டுனு போலாம்," என்றாள் ரஞ்சிதம். "யாராவது ஓடுங்க!"

"ஜீப்பு வந்து சேர்றதுக்குள்ள நான் வாணியம்பாடியில இருப்பேன்," என்றான் சக்கரவர்த்தி. அதற்குள் அவன் மிச்ச நட்டுகளை முறுக்கிச் சக்கரங்களைப் பூட்ட ஆரம்பித்துவிட்டான். முனிசாமி மரத்தடியில் கிடந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சீட்டில்லாத தகரத்தின் மேல் ஒரு கோணிப்பையைப் போட்டு அவனைக் கிடத்தினார்கள். ரஞ்சிதம் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். சாலையில் இருந்த ஒவ்வொரு கல்லும் அந்தக் குறைந்த ஸ்பிரிங் வழியாக நேராக அவன் இடுப்பில் வந்து இடித்தது.

"ணா, மெதுவா... ணா!"

"இதோ வந்துடுச்சுடா. பொறுத்துக்கோ."

சக்கரவர்த்தி பயந்துதான் கிளம்பினான். ஆனால் முதல் கொண்டை ஊசி வளைவில் வண்டி திரும்பிய விதம் அவனை ஆச்சரியப்படுத்தியது. முன்பெல்லாம் அந்த இடத்தில் ஃபியட் சாய்ந்து முனகும். இன்று தரையைக் கவ்விக்கொண்டு சட்டென்று திரும்பியது. அடுத்த வளைவில் பிரேக்கைத் தொடாமலே எடுத்துப் பார்த்தான். அதற்கடுத்ததில் இன்னும் வேகமாக. பின்னால் தம்பி கத்துவது கேட்டது. அறுத்த குழாயின் சத்தத்தில் அது என்ஜினின் ஓசையோடு கலந்துவிட்டது. பாதி மலை இறங்குவதற்குள் அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்திருந்தது. கண்ணாடியில் ரஞ்சிதம் அதைப் பார்த்தாள். "மெதுவா போ, பாவி" என்று அவளும் கத்தினாள். அவன் மெதுவாகப் போகவில்லை. அடிவாரம் வருவதற்கு முன்பே முனிசாமியின் குரல் நின்றுவிட்டது.

வாணியம்பாடி ஆஸ்பத்திரியில் டாக்டர் அவன் உள்ளங்காலில் ஊசியால் குத்திப் பார்த்தார். முனிசாமி கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"அடிபட்டப்போ கால் அசைஞ்சுதா?"

"அசைஞ்சுதுங்க. மேலே இருக்கும்போது வெரல அசைச்சான்," என்றாள் ரஞ்சிதம்.

டாக்டர் சக்கரவர்த்தியைப் பார்த்தார். "எதுல கொண்டு வந்தீங்க?"

வாசலில் நின்ற வண்டியை ரஞ்சிதம் கையால் காட்டினாள். டாக்டர் ஜன்னல் வழியாக அதைப் பார்த்துவிட்டு ஊசியைத் தட்டில் வைத்தார்.

முனிசாமி பிறகு நடக்கவே இல்லை. மலைக்குத் திரும்பியபோது அவனைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். பெண் வீட்டார் ஒரு முறை வந்து பார்த்தார்கள். அந்த வருஷமே பெண்ணை வேறு இடத்தில் கொடுத்தார்கள். அவனுக்குத் துடைத்துவிடுவதும் துணி மாற்றுவதும் ரஞ்சிதத்தின் வேலையாயிற்று. அண்ணனை அவன் ஒரு வார்த்தை திட்டவில்லை.

"நீ ரேஸுக்குப் போ ணா," என்றுகூடச் சொன்னான். "இவ்ளோ ஆனப்புறம் போவாம இருந்தா எப்படி?"

சக்கரவர்த்தி போனான். போக வேண்டாமென்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

சோழவரத்தில் ஃபரூக் அவனைக் கண்டு முதலில் எதற்கு வந்திருக்கிறான் என்று தடுமாறினான். பிறகு வண்டியைப் பார்த்தான்.

"அட, நெஜமாவே பண்ணிட்டியா? நான் சும்மா வெளாட்டுக்குச் சொன்னேன்பா."

இருந்தாலும் ரேஸ் வண்டிகளைச் சோதனை செய்கிறவரிடம் அழைத்துப் போனான். அந்த மனிதர் உள்ளே குனிந்து இரும்புக் கூண்டை விரலால் தட்டினார். மறுபடி தட்டினார். பிறகு மற்றவர்களைக் கூப்பிட்டு, "இங்க வாங்க, தண்ணிக் குழாய்!" என்றார். வந்தவர்களும் ஆளுக்கொரு தட்டு தட்டினார்கள். ஒருவன் குழாயைத் திறந்து தண்ணீர் பிடிப்பது போல் கையால் நடித்துக் காட்டினான். ஃபரூக்கும் சிரித்துவிட்டான். இந்தக் கூண்டு நசுங்கிவிடும், ஓட்ட விட முடியாது என்று வண்டியை ஓரமாகத் தள்ளச் சொன்னார்கள். ரேஸ் முடியும்வரை சக்கரவர்த்தி அதற்குள்ளேயே ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

வீட்டுக்கு வந்ததும் கட்டிலில் இருந்து முனிசாமி கேட்டான்: "எத்தினியாவதா வந்த ணா?"

"மூணாவது," என்றான் சக்கரவர்த்தி.

முனிசாமியின் முகம் மலர்ந்தது. வந்தவன் போனவனிடமெல்லாம் சொன்னான். சோழவரத்தில், மெட்ராஸ்காரர்கள் நடுவில், எங்கண்ணன் மூணாவது. தன் இடுப்புக்கு ஏதோ ஒரு கணக்கு நேராகிவிட்டது போல அவன் அதைப் பிடித்துக்கொண்டான்.

அடுத்த கோடையில் ஃபரூக் நண்பர்களோடு மலைக்குத் தேன் வாங்க வந்தான். அப்படியே வீட்டுக்கும் வந்தான். சக்கரவர்த்தி வீட்டில் இல்லை. முனிசாமி ஆசையாகக் கேட்டான், அண்ணன் எப்படி ஓட்டினார் என்று. ஃபரூக்குக்கு மறைக்கத் தோன்றவில்லை. தண்ணீர்க் குழாய்க் கதையை விரலால் தட்டிக் காட்டிச் சொன்னான். நண்பர்கள் சிரித்தார்கள். முனிசாமி சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து அவன் அண்ணனை 'ணா' என்று கூப்பிடுவதை விட்டான். ஆனால் அந்தக் கதையை விடவில்லை. வீட்டுக்கு யார் புதிதாக வந்தாலும், கண்டக்டரோ புளி வியாபாரியோ, "இன்னாய்யா சக்கரவர்த்தி, இங்க வா. நீ மூணாவதா வந்ததச் சொல்லு," என்பான். சக்கரவர்த்தி அவன் கண்ணைப் பார்த்ததும் புரிந்துகொண்டான், தம்பிக்கு எல்லாம் தெரிந்துவிட்டதென்று. ஆனாலும் நின்று சொல்ல வேண்டியிருந்தது. சொல்லாவிட்டால் தம்பி எல்லார் முன்னாலும் உண்மையை உடைத்துவிடுவான். வியர்த்து, திக்கி, ஒவ்வொரு முறையும் சொன்னான். முனிசாமி கட்டிலில் படுத்தபடி, "அப்புறம்? ரெண்டாவது வண்டிய எங்க முந்த உட்ட?" என்று கேள்வி வேறு கேட்பான்.

வருஷங்கள் இப்படியே போயின. ஒரு மாற்றம் மெல்ல வந்தது. சொல்லச் சொல்ல சக்கரவர்த்திக்குத் திக்கல் போயிற்று. வளைவுகளைக் கையால் காட்ட ஆரம்பித்தான். குரல் எழுந்தது. 1984இல் ஒரு நாள் ரஞ்சிதத்தின் தம்பி கலசப்பாக்கத்தில் இருந்து வந்திருந்தபோது, சக்கரவர்த்தி கூப்பிடாமலே வந்து உட்கார்ந்து கதையைத் தொடங்கினான். கண் பளபளத்தது. முனிசாமிக்கு அது தாங்கவில்லை.

"போதும், வாய மூடு," என்றான். வந்தவரைப் பார்த்து, "எல்லாம் பொய்யி. இவன உள்ளயே உடல. தண்ணிக் குழாயத் தட்டித் தொரத்திட்டாங்க. என் இடுப்ப ஒடச்சிக்கினு மலை எறங்கினானே, அதான் இவன் ஓட்டுன ஒரே ரேஸு."

சக்கரவர்த்தி தலை குனியவில்லை.

"அன்னிக்கு நான் ஓட்டுனதுக்கு," என்றான் நிதானமாக, "சோழவரத்துல எவனும் என் கிட்ட வந்திருக்க முடியாது."

பெருமையாகச் சொன்னான். சொன்ன பிறகுதான் எதைச் சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது.

ரஞ்சிதம் அடுப்பில் இருந்த களிப்பானையை இறக்கி வைத்தாள். தன் தம்பியிடம், "நாளைக்குக் காலைல வண்டி பேசு. ரெண்டு பேரு வர்றோம்," என்றாள். யாரைச் சொல்கிறாள் என்று அவன் கேட்கவில்லை. மறுநாள் முனிசாமியை மெத்தை போட்டு ஒரு டெம்போவில் படுக்க வைத்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். டெம்போ மிக மெதுவாக இறங்கியது. சக்கரவர்த்தி வாசலில் நின்றான். இருவருமே அவனிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

முனிசாமி கலசப்பாக்கத்தில் இரண்டு மழைக்காலம் இருந்தான். முதுகுப் புண் ஆறாமல் காய்ச்சல் கண்டு இறந்தான். செய்தி மலைக்கு வந்து சேர, சக்கரவர்த்தி பஸ் பிடித்து வந்தான். அதற்குள் அடக்கம் முடிந்திருந்தது. ரஞ்சிதம் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் குடித்தான்.

"சாப்ட்டுட்டுப் போ," என்றாள். "கடைசி பஸ்ஸு போய்டும்."

ரெண்டு நாள் இருந்துவிட்டுப் போ என்று அவள் சொல்வாள் என அவன் கொஞ்ச நேரம் நின்றான். அவள் சொம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.