மைக் அக்காவும் புது ஒலிபெருக்கியும்

மைக் அக்கா ஓய்வு பெற்று வருஷங்கள் ஓடிவிட்டன. இப்போது எந்த பஸ் எங்கே வருகிறது என்பதைக் கைப்பேசியே சொல்லிவிடுகிறது. வசதிதான், யார் இல்லை என்றது? ஆனால் யாரும் யாரிடமும் வாய் திறந்து எதையும் கேட்பதில்லையே என்று அக்காவுக்கு மனக்குறை.

அவள் பஸ் நிலையத்தில் அறிவிப்பாளராகச் சேர்ந்தபோது கம்பங்களில் தொங்கிய ஒலிபெருக்கிகள் இருந்தனவே, சனியன்கள்! இவள் கணீரென்று சொல்வாள். வெளியே யாரோ வாய் கொப்பளிப்பது போலக் கேட்கும். ஜனங்கள் நேரே அவள் அறை ஜன்னலுக்கு வந்து, "என்னம்மா சொன்னே?" என்பார்கள். எரிந்து விழுந்துகொண்டேதான் பதில் சொல்வாள். ஆனாலும் அது அவளுக்குப் பிடித்திருந்தது. யார் வீட்டில் குழந்தை பிறந்தது, யாருக்கு மாமியாரோடு பேச்சுவார்த்தை இல்லை, எல்லாம் அந்த ஜன்னல் வழியாகத்தான் வந்து சேரும்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்த ஒருவரும் தினமும் சாயங்காலம் வருவார்.

"ஏங்க, பாலத்து பஸ் எங்க நிக்குது?"

"எதிர்லதான், மலை மாதிரி நிக்குது. ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டுறீங்க, உங்களுக்கு ஒண்ணு மாட்டிக்கக் கூடாதா?"

சிரித்துக்கொண்டே போவார். அவர் வராத நாள் அவளுக்கு நாளாகவே இருக்காது.

ஒருநாள் ஒலிபெருக்கிகளைப் பார்க்க மெக்கானிக் வந்தார். "இதுக்கு இங்கிலீஷ்ல கார்பிள்னு பேரும்மா. சேதி போற வழியில உருக்குலைஞ்சு போறது."

"தானாவா?"

"கம்பி சரியில்லேன்னா தானா ஆகும். வேணும்னே சேதியைத் திரிச்சாலும் அதே வார்த்தைதான்."

அந்த வாரமே புது ஒலிபெருக்கிகள் வந்தன. அவள் குரல் மூலைமுடுக்கெல்லாம் பளிச்சென்று கேட்டது. ஜன்னலில் ஈ காக்கை இல்லை. கண்ணாடிக்கடைக்காரரும் தலையைக் குனிந்தபடி நேரே போய் பஸ் ஏறினார். மறுநாளும் அப்படியே. இனி அவர் எதற்காக வரப்போகிறார்? அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த நாள் பாலத்து பஸ்ஸை அறிவிக்கும்போது மட்டும் கைக்குட்டையைச் சுருட்டி மைக்கின் வாயில் திணித்துக்கொண்டு பேசினாள். அவ்வளவுதான், வரிசையில் நின்ற கூட்டம் முழுக்க ஜன்னலுக்கு வந்துவிட்டது. மேலாளர் அலறியடித்துக்கொண்டு ஓடிவந்தார். "புதுசுலயும் கார்பிளா?"

"தொண்டை கட்டிக்கிச்சு சார்" என்று கூசாமல் புளுகினாள். கைக்குட்டையை உருவி மடியில் ஒளித்துக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் வழி சொல்லி அனுப்பினாள். பஸ் கிளம்பிவிட்டது. ஜன்னலில் கண்ணாடிக்கடைக்காரர் மட்டும் நின்றுகொண்டிருந்தார்.

"உங்க பஸ் போயிடுச்சே!" என்றாள் பதறிப்போய்.

"தெரியுங்க. இன்னிக்குப் பேசாம போறதில்லேன்னுதான் ஏறல. பழைய ஸ்பீக்கர்லயும் எனக்கு எல்லாம் நல்லாவே புரிஞ்சுது. உங்களைப் பார்க்கத்தான் வந்தேன். புதுசு வந்தப்புறம் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வந்து கேக்கிறது?" ஜன்னலுக்குள் குனிந்தார். "என்னைக் கட்டிக்கிறீங்களா?"

அவள் கூச்சத்தில் தலையைக் குனிந்தாள். மைக்கின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அணைக்க மறந்திருக்கிறாள்! பஸ் நிலையமே கப்சிப்பென்று நின்றிருந்தது.

தூரத்து நடைமேடையிலிருந்து ஒரு கிழவர் கத்தினார்: "சட்டுன்னு பதில் சொல்லும்மா, எங்க பஸ் கிளம்பப் போகுது!"