டயர் டாக்டரின் வயிறு

பேருந்து ஓட்டுகிறவர்களில் கண் கூர்மையானவர் உண்டு, காது கூர்மையானவர் உண்டு. நம் ஓட்டுநருக்குக் கூர்மையாக இருந்தது பெருங்குடல். அதில் புண் வந்து பல வருடம் ஆகிவிட்டது. சாதுவாகக் கிடக்கும், திடீரென்று முறுக்கும். முறுக்கினால் அடுத்த நிறுத்தம் வரை பொறுக்காது. அவருடைய தடத்தில் எந்தப் பெட்ரோல் பங்கின் பின்னால் கழிவறை, எந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, எங்கே தண்ணீர் வராது, எல்லாம் அத்துப்படி. வானத்து நட்சத்திரங்களுக்குக்கூட அவ்வளவு சுத்தமான வரைபடம் கிடையாது என்றால் நம்புங்கள்.

இருதயக் கோளாறு என்றால் தலை நிமிர்ந்து சொல்லலாம். கேட்பவர்களும் நெஞ்சில் கை வைத்து உருகுவார்கள். இதைச் சொன்னால் அவர்கள் எங்கே கை வைப்பார்கள்? அதனால் அவர் டயரைப் பிடித்துக்கொண்டார்.

"பின் டயர் ஒரு மாதிரி இழுக்குது, பாத்துட்டு வந்துடறேன்" என்று நடத்துநரிடம் சொல்லி இறங்குவார். டயரை ஓர் உதை உதைப்பார். பிறகு கை கழுவப் போவார். திரும்பும்போது முகம் வெளுத்து, நெற்றி வியர்த்திருக்கும்.

"நம்ம உசிரு மேல இந்த மனுஷனுக்கு எவ்வளவு அக்கறை! எப்படி வேர்த்துப் போச்சு பாருங்க" என்று பயணிகள் நெகிழ்வார்கள்.

பணிமனையில் 'டயர் டாக்டர்' என்று பெயர் வைத்தார்கள். முதலில் அந்தப் பெயர் குத்தியது. போகப் போக இனித்தது. ஒருநாள் வயிறு சமர்த்தாக இருக்கும்போதே இறங்கி, எல்லோரும் பார்க்க, டயரை உதைத்துவிட்டு வந்தார். அதை மட்டும் அவர் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

மருத்துவரோ, "புது மருந்து ஒண்ணு சோதனையில இருக்கு. ஊசியா வரும். கொஞ்சம் பொறுங்க" என்று ஒவ்வொரு முறையும் சொல்லி அனுப்பினார்.

"ஊசிதானே? இப்படி அசைஞ்சு அசைஞ்சு வர அது என்ன யானையா?" என்றாள் மனைவி. "ஆபீசுல சொல்லிடுங்களேன்."

"சொன்னா வண்டியிலேர்ந்து இறக்கிடுவாங்க. ஊசி வந்துட்டா சொல்றதுக்கே ஒண்ணும் இருக்காது."

இந்த நேரத்தில்தான் நெட்டை என்கிற ஓட்டுநரின் பேருந்துக்கு நடுவழியில் டயர் வெடித்தது. யாருக்கும் அடியில்லை, ஒரு மதில் மட்டும் சிராய்த்தது. மேலாளர் எல்லோரையும் கூட்டினார்.

"காலையில பாத்துட்டுத்தான் சார் எடுத்தேன். எல்லாரும் அப்படித்தானே செய்யறோம்" என்றான் நெட்டை.

"நம்ம டயர் டாக்டர் வழியெல்லாம் இறங்கிப் பாக்கறாரே! இறங்கினா உனக்குக் கால் தேஞ்சிடுமா?" என்றார் மேலாளர்.

நெட்டை டயர் டாக்டர் பக்கம் திரும்பினான். "நீங்களே சொல்லுங்கண்ணே, நான் கவனமில்லாதவனா?"

எல்லா முகமும் அவரையே பார்த்தது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "இனிமேலாவது பாத்து நடந்துக்கப்பா."

சொன்ன வாயைக் கழற்றி வீசிவிடலாம் போலிருந்தது. அது கழலவில்லை.

நெட்டையை வண்டி கழுவப் போட்டார்கள். மறுநாள் அவருடைய பேருந்தையும் அவன்தான் கழுவினான். டயர்களைத் தேய்த்துத் தேய்த்துத் துடைத்துவிட்டு அருகில் வந்தான். "அண்ணே, அந்த உதையை எனக்கும் சொல்லிக்குடுங்க. எந்த இடத்துல உதைச்சா கோளாறு தெரியும்?"

கேலி இல்லை. கற்றுக்கொள்ள நின்றான்.

அவர் நேராக மேலாளர் அறைக்குள் போனார். "சார், நான் டயரைப் பாக்கறதில்ல."

"பின்னே?"

"கக்கூசுக்குப் போறேன்."

மேலாளர் சிரித்தார். எதிரே நின்றவர் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார். குடல், புண், வராத ஊசி எல்லாவற்றையும் ஓட்டுநர் தரையைப் பார்த்தபடி சொல்லி முடித்தார். "அவன் மேல தப்பில்ல சார். என்னை வெச்சு அவனை அளக்காதீங்க."

அன்று மாலைக்குள் நெட்டை மறுபடி ஓட்டுநர் ஆனான். ஊசி வரும் வரை இவர் விசாரணைக் கவுன்ட்டரில் உட்கார வேண்டும் என்று முடிவானது. விஷயம் தேநீர் ஆறுவதற்குள் பணிமனை முழுக்கப் பரவியது.

வீட்டுக்கு வந்து சட்டை மாற்றுவதற்குள் வாசலில் நெட்டையின் குரல். அவர் குளியலறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

"உள்ள இருக்காருப்பா" என்றாள் மனைவி.

"அவசரமில்ல அண்ணி, நிதானமா வரட்டும்."

அந்தப் பரிவுதான் தாங்கவில்லை. மனைவி கதவருகே வந்து மெதுவாகக் கேட்டாள்: "வயிறா, முகமா?"

"முகம்."

"அப்ப வெளியே வாங்க."

வந்தார். நெட்டை நாற்காலியிலிருந்து எழுந்தான்.

"அன்னிக்கு எல்லார் முன்னாலயும் உனக்குப் புத்தி சொன்னேனே..." என்று ஆரம்பித்தார்.

"நோவைக் கேட்டு வருத்தமாத்தான் இருக்குண்ணே" என்றான் நெட்டை. "ஆனா அந்தப் பேச்சு எனக்கு வலிச்சுது."

"தெரியும்" என்றார். தலை இன்னும் நிமிரவில்லை. ஆனால் திரும்ப உள்ளே போகவும் இல்லை.