ஒயில் மீட்டரின் முள்

நம்பாதவர்கள் பெரகல சந்திக் கடைகளில் விசாரித்துப் பார்க்கலாம். இது நிரஞ்சலாவுக்கு உண்மையாகவே நடந்தது. கீழே வரும் நேரங்கள் எல்லாம் அவள் பொலிஸில் கொடுத்த வாக்குமூலத்தில் இருப்பவை. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அவள் அங்கே மாற்றிச் சொன்னாள். அதை நான் இங்கே உள்ளபடியே எழுதுகிறேன்.

நிரஞ்சலா அப்புத்தளையில் சொந்தக் கார் வைத்து வாடகைக்கு, அதாவது ஹயர், ஓடுபவள். பழைய ஜப்பான் கார். காலையில் டீச்சர்மாரை பண்டாரவளையில் இறக்குவாள். பிறகு தோட்டங்களிலிருந்து நோயாளிகளை பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவாள். போன வருடம் பெரகல ஏற்றத்தில் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. ஒயில் இறங்கிப்போனது அவளுக்குத் தெரியவில்லை. சிவப்பு லைட் எரிந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நான்கு மாதம் கார் கராஜில் கிடந்தது. அவளும் வீட்டில் கிடந்தாள்.

அதனால்தான் காரில் மீட்டர் பொருத்திப் பூட்ட நினைத்தாள். லைட்டை நம்பி இனி ஓடக் கூடாது. கண் முன்னால் ஒரு முள் இருக்க வேண்டும்.

2023 நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை. பதுளையில் ஸரூக்கின் பழைய சாமான் கடைக்குப் போனாள். ஸரூக் பழைய கார்களை வாங்கி உடைத்து, சாமான்களைத் தனித்தனியாக விற்பவர். கண்ணாடி மேசையில் நிறைய மீட்டர்களைப் பரப்பிவைத்தார். நீல வெளிச்சம், சிவப்பு வெளிச்சம், திருவிழாக் கடை மாதிரி. தண்ணீர்ச் சூடு காட்டும் மீட்டரைப் புதிதாகவே எடுத்துக்கொண்டாள். ஒயில் அழுத்தம் காட்டும் மீட்டர்தான் எதுவும் மனதுக்குப் பிடிக்கவில்லை. ஒன்று மிகப் பெரிசு. இன்னொன்றில் எண்கள் பகலில் தெரியாது.

"பழசு ஒண்ணு ஈக்கி, பாக்குறீங்களா?" என்றார் ஸரூக்.

கறுப்பு முகம். வெள்ளை எண்கள், பூச்சியத்திலிருந்து நூறு வரை. பித்தளை உடம்பு கையில் கனத்தது. பின்னால் மெல்லிய செப்புக் குழாய்.

"இதுக்கு கரண்டே வேணாம். எஞ்சின்ல இருந்து ஒயிலே இந்தக் குழாய் வழியா வந்து முள்ளத் தள்ளும். புதுசுல சென்சர் பழுதானா முள்ளு கண்டபடி ஆடும்."

"எந்தக் காருல இருந்தது?"

"குட்டிக் கார் ஒண்ணு... வெட்டி வித்து ரெண்டு வருஷமாச்சு." ஸரூக் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு அதைக் காகிதத்தில் சுற்றினார்.

அன்று பின்னேரமே ஷாஹ்மியின் கராஜில் பூட்டினார்கள். அவளுடைய காரின் எல்லா வேலைகளையும் செய்பவன் அவன்தான். ஸ்டியரிங்குக்கு வலது பக்கம், டேஷ்போர்டின் மேல், தகட்டை வளைத்து இரண்டு மீட்டர்களுக்கும் இடம் செய்தான். குழாய் தகட்டில் உரசி அறுந்துவிடாமல் ஓட்டையில் ரப்பர் வளையம் வைத்தான். பிறகு ஒயில் மீட்டரைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தான்.

"அக்கா, இங்க பாருங்க."

குழாய் இன்னும் எதிலும் பூட்டப்படவில்லை. வெறுங்காற்றில் தொங்கியது. ஆனால் முள் இருபத்தைந்தில் நின்றது. நின்றது மட்டுமில்லை... மெதுவாக நடுங்கிக்கொண்டிருந்தது.

ஷாஹ்மி விரலால் தட்டினான். முள் பூச்சியத்துக்கு விழுந்தது.

"பழசு தானே... இறுகியிருக்கும்," என்றான். பூட்டி, எஞ்சினை ஓடவிட்டார்கள். முள் அழகாக ஏறியது, இறங்கியது. கசிவு இல்லை. நிரஞ்சலாவுக்குச் சந்தோஷம்.

வியாழக்கிழமை, பகல் 2.05. பண்டாரவளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் காரை நிறுத்தி எஞ்சினை அணைத்தாள். சாவியைக் கையில் எடுத்துவிட்டாள். முள் இறங்கவில்லை. இருபத்தைந்து. அதே நடுக்கம்.

காதைக் கொடுத்துக் கேட்டாள்.

டக்... டக்... டக்... டக்...

ஏதோ ஒரு சின்ன எஞ்சின் சும்மா நின்று ஓடும் சத்தம். சுற்றிப் பார்த்தாள். பக்கத்தில் எந்த வண்டியும் ஓடிக்கொண்டிருக்கவில்லை.

நேரே ஷாஹ்மியிடம் போனாள். அவன் மீட்டரின் பின்பக்கத்தைக் கழற்றினான். ஒரு சொட்டு ஒயில் அவன் உள்ளங்கையில் விழுந்தது. கன்னங்கரேல் என்றிருந்தது. விரலால் தேய்த்தான். மண் நறநறத்தது.

"உங்க கார் ஒயில் மாத்தி ஒரு கிழமைகூட ஆகலையே அக்கா..."

கழற்றிவிடலாமா என்று அவன் கேட்டான். ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்றாள். சனிக்கிழமை ஒரு ஹயர் இருந்தது.

சனிக்கிழமை, பின்னேரம் 4.20. அப்புத்தளையில் தயாபரன் ஏறினார். ஐம்பது வயது இருக்கும். தோட்டங்களிலிருந்து தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறிகள் வைத்திருப்பவர். அவருடைய லொறி ஒன்று வெல்லவாயவில் உடைந்து நின்றது. அதைப் பார்க்கப் போக வேண்டும். முன் சீட்டில் உட்கார்ந்து போனில் யாரையோ ஏசிக்கொண்டே வந்தார்.

அவர் ஏறியதிலிருந்தே முள் சரியில்லை. இறக்கத்தில் ஐம்பதில் நிற்க வேண்டியது அறுபதுக்குப் போனது. 4.38க்கு பெரகல சந்தி. கொஸ்லாந்தை வீதியில் திரும்பினார்கள். எழுபது.

பனி இறங்கியது. முன்னால் பத்து அடிக்கு மேல் தெரியவில்லை. போனில் சிக்னல் போய்விட்டது. தயாபரன் பேச்சை நிறுத்தினார்.

எண்பது.

"என்ன தங்கச்சி, முள்ளு இப்புடி ஏறுது?"

"தெரியல அண்ணே. நிப்பாட்டிப் பாக்குறேன்."

4.51. ஒரு வளைவு. இடது பக்கம் பள்ளம். ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தாள்.

முள் நூறில் போய் முட்டியது.

அணைத்த எஞ்சினில்... நூறு.

டக்... டக்... டக்... டக்...

இந்த முறை எங்கிருந்து வருகிறது என்று நன்றாகத் தெரிந்தது. கீழேயிருந்து. பள்ளத்துக்குள்ளிருந்து.

தயாபரனைத் திரும்பிப் பார்த்தாள். அந்த மனிதனின் முகத்தில் இரத்தமே இல்லை.

"இங்க ஏன் நிப்பாட்டுன?" என்றார். "இந்த எடத்துல ஏன் நிப்பாட்டுன?"

"அண்ணே, உங்களுக்கும் கேக்குதா?"

"அது நின்னுருச்சு..." அவர் அவளிடம் பேசவில்லை. கண்ணாடியைப் பார்த்துப் பேசினார். "விடியக்காலையில நின்னுருச்சு. நான் கேட்டேனே..."

"என்ன நின்னுச்சு?"

சொன்னார். கேட்காமலே மீதியையும் சொன்னார். வாந்தி எடுப்பது போல வார்த்தைகள் வந்தன.

2020. ஊரடங்கு நேரம். வீதியில் ஒரு மனிதர் கிடையாது. பேய் மழை. குடித்துவிட்டு லொறி ஓட்டி வந்திருக்கிறார். இதே வளைவில் எதிரே வந்த குட்டிக் காரைத் தட்டிவிட்டார். கார் கீழே போனது.

"வேணும்னு இடிக்கல தங்கச்சி. சாமி சத்தியமா வேணும்னு இடிக்கல. ஆனா... அவன் உசுரோட இருந்தான். கார் எஞ்சின் ஓடிக்கிட்டு இருந்துச்சு. கத்துனான். அண்ணே, அண்ணேன்னு கத்துனான். என் லொறி லைட்ட பாத்துட்டான் போல."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"லைட்ட அணைச்சேன்."

டக்... டக்... டக்... டக்...

"லொறிக்குள்ளயே உக்காந்திருந்தேன். கத்துறது நிக்கிற வரைக்கும். அப்புறம் எஞ்சினும் நின்னுச்சு. போயிட்டேன்."

நிரஞ்சலா அவரிடமிருந்து விலகித் தன் பக்கக் கதவோடு ஒட்டி உட்கார்ந்தாள். பயத்தினால் மட்டும் இல்லை.

அப்போது கீழே கேட்ட சத்தம் மாறியது. யாரோ எக்ஸிலேட்டரை மிதித்தார்கள்.

அது ஏறத் தொடங்கியது. பள்ளத்திலிருந்து... மேலே.

தயாபரன் கதவைத் திறந்துகொண்டு குதித்தார். வந்த வழியே ஓடினார். பனி அவரை மூடியது. செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

நிரஞ்சலா எட்டிக் கதவைச் சாத்தினாள். பூட்டினாள்.

செருப்புச் சத்தம் நின்றது.

திரும்பி வந்தது. வேகமாக.

அவர் முகம் கண்ணாடியில் மோதியது.

"தொற! தங்கச்சி, தொற! வருது... தொற!"

இரண்டு கையாலும் கண்ணாடியை அறைந்தார். அவள் கை பூட்டின் மேல் இருந்தது. ஒரு விரலைத் தூக்கினால் போதும்.

அவள் அவர் கண்ணைப் பார்த்தாள்.

விரலைத் தூக்கவில்லை.

எஞ்சின் சத்தம் காரின் பின்னால் வந்தது.

லைட் இல்லை.

கண்ணாடியில் முகம் இல்லை.

கத்தவும் இல்லை...

5.03. முள் பூச்சியத்துக்கு விழுந்தது.

அவள் எப்படிக் காரைத் திருப்பினாள் என்று அவளுக்கே ஞாபகம் இல்லை. பெரகல சந்திக் கடைக்காரர்கள்தான் அவளைக் காரிலிருந்து இறக்கி, தண்ணீர் கொடுத்து, பொலிஸுக்குச் சொன்னார்கள். ஏழரை மணிவரை வீதியோரம் தேடினார்கள். பிறகு பெரிய மழை. தேடுவதை நிறுத்திவிட்டார்கள்.

பூட்டு இறுகிவிட்டது, திறக்க முடியவில்லை என்று நிரஞ்சலா வாக்குமூலம் கொடுத்தாள். மாற்றிச் சொன்னது இதைத்தான்.

"பூட்டு நல்லாத்தான் இருந்துச்சு," என்று என்னிடம் சொன்னாள். "இன்னைக்கு மறுபடி தட்டுனாலும் தொறக்க மாட்டேன்."

மறுநாள் காலை ஆறரைக்கு தயாபரனைப் பள்ளத்தில் கண்டெடுத்தார்கள். இரண்டு காலும் முறிந்திருந்தன. வீதியிலிருந்து வழுக்கி விழுந்தது என்று வழக்கை முடித்தார்கள். விழுந்தவுடன் சாகவில்லை, காலை ஐந்து மணியளவில்தான் உயிர் போயிருக்கிறது என்று டாக்டர் எழுதினார்.

ஸரூக் பிறகு ஒப்புக்கொண்டார். மீட்டர் அந்தக் குட்டிக் காருடையதுதான். ஓட்டியவன் பெயர் தினேஸ். இருபத்தேழு வயது. ஊரடங்கில் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு மருந்து எடுத்துப்போக அனுமதி வாங்கி ஓடியவன். காரை மேலே தூக்கியபோது சாவி போட்டபடியே இருந்ததாம். பெற்றோல் டாங்கியில் ஒரு சொட்டு இல்லையாம்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் நிரஞ்சலா ஒருவாறு தேறிவிட்டாள். டிசம்பரில் ஒரு நாள், அந்த வளைவுக்குக் கீழே உள்ள தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து, கொழுந்து பறிக்கும் பெரியாயி என்ற அம்மா ஆஸ்பத்திரிக்குப் போக அவள் காரில் ஏறும்வரை.

"அந்தாளு விழுந்த ராத்திரி நாங்க யாரும் தூங்கல புள்ள," என்றாள் பெரியாயி. "கீழ காட்டுக்குள்ள விடிய விடிய ஒரு கார் ஓடிக்கிட்டே இருந்துச்சு. ஆம்பள கத்துறதும் கேட்டுச்சு. எங்க லயத்து ஆளுக டோர்ச் எடுத்துக்கிட்டு மூணு தடவ எறங்கிப் போனாங்க."

"அப்புறம் ஏன் கண்டுபிடிக்கல?"

"எப்புடிக் கண்டுபிடிக்கிறது? இவங்க எறங்கிப் போயி, யாருய்யா, எங்க இருக்கன்னு சத்தம் போடுவாங்க. அந்தாளு பதில் சொல்ல வாயத் தொறப்பான்... ஒடனே எஞ்சின் சத்தம் கூடிரும். காது கிழியிற மாதிரி. அவன் கத்தி ஓஞ்சா, அதுவும் அடங்கிரும்."

பெரியாயி சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"விடியக்காலை அஞ்சு பத்துக்குத்தான் புள்ள அது நின்னுச்சு."