இரண்டு வருடத்துக்கு ஒரு சோடி

பேர்ணடெற்றுக்குக் குதிக்காலில் நோ தொடங்கியது ஐம்பத்துமூன்றாவது வயதில், ஒரு தை மாதத்துச் செவ்வாய்க்கிழமை. விடியப்புறம் எழும்பி வலது காலை நிலத்தில் ஊன்றியவள், அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். ஆணி ஏறியது மாதிரி இருந்தது. குனிந்து பார்த்தாள். ஒன்றுமில்லை. விரல் நுனியில் எட்டி எட்டிக் குளியலறைக்குப் போனாள். பல் விளக்கி முடிக்க நோ பாதியாகிவிட்டது. பஸ்சுக்கு ஓடும்போது மறந்தும் போனாள். அடுத்த நாள் விடிய அதே ஆணி. ஒரு கிழமைக்குள் இடது குதியிலும் ஏறியது.

மன்னார் பேசாலையில் பிறந்தவள். றொபேட்டைக் கலியாணம் செய்து கனடாவுக்கு வந்த இரண்டாவது பனிக்காலத்தில் ஸ்காபரோவில் கோதுமை மாவில் பாண் சுடும் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தாள். இருபத்திரண்டு வருடமாக அதே வேலைதான். ஓடிக்கொண்டிருக்கும் பெல்ற்றில் பணிஸ் என்ற உருண்டைப் பாண்கள் எட்டு எட்டாக வரும். நசிந்ததை, கருகியதை எடுத்து எறிந்துவிட்டு மிச்சத்தைப் பைக்குள் தள்ளவேண்டும். நிலம் கொங்கிறீற். ஒவ்வொருவருக்கும் நிலத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு சதுரம் கீறி விட்டிருந்தார்கள். அதற்குள்தான் நிற்கவேண்டும். வெளியே போவதென்றால் கையை உயர்த்தவேண்டும். மாற்றாள் வந்து சதுரத்துக்குள் கால் வைத்த பிறகுதான் இவள் காலை எடுக்கலாம். கதிரை என்ற சாமான் அந்தப் பக்கத்திலேயே கிடையாது.

வேறு வேலை பார்க்கலாமே என்று சொன்னவர்கள் உண்டு. நாலு வருடத்துக்கு முந்தி, கூரை வேலை செய்துகொண்டிருந்த றொபேட்டுக்குப் பாரிசவாதம் வந்து வலது கையும் காலும் பாதி செத்துப் போயின. அவருடைய மருந்துகளும், கிழமைக்கு இரண்டு நாள் கை கால் பயிற்சியும் பேர்ணடெற்றின் வேலை இன்சூரன்ஸில்தான் நடந்தன. வேலையை விட்டால் அதுவும் போய்விடும். அதனால் அந்தக் கதையை அவள் யாருடனும் நீட்டுவதில்லை.

குடும்ப டொக்டர் அவளைக் கால் கிளினிக்குக்கு அனுப்பினார். அங்கே இருந்தவள் அனோஜா என்ற இளம் பெண். கனடாவில் பிறந்தவளானாலும் தமிழ் நன்றாக வந்தது. ஒரு பெட்டி நிறைய மெத்தென்ற நுரைப்பஞ்சை நிலத்தில் வைத்து, "அன்ரி, இதுக்குள்ள காலை வைச்சு மெதுவா அழுத்துங்கோ," என்றாள். காலை எடுத்ததும் பேர்ணடெற் தன் பாதத்தின் அச்சைப் பார்த்தாள். நடுவில் வளைவே இல்லை. தோசைக்கல் மாதிரித் தட்டையாகக் கிடந்தது.

"எனக்கு இப்பிடி இருக்கேல்லையே பிள்ளை."

"நிண்டு நிண்டு இறங்கிப் போச்சு அன்ரி. குதியில வந்து பிடிக்கிற நார் இழுபட்டு வீங்கிக் கிடக்கு. அதுதான் விடிய எழும்பேக்க உயிர் போறது."

மூன்று கிழமையில் அந்த அச்சுக்குச் செய்த இன்சோல் சோடி வந்தது. மேலே மெத்தென்ற நீலத் துணி, கீழே கடினமான வளைந்த ஓடு, குதிக்குக் கிண்ணம் மாதிரி ஒரு பள்ளம். அனோஜா அவளுடைய வேலைச் சப்பாத்துக்குள் கையை விட்டு முதலிலிருந்த மெல்லிய தகட்டை உரித்தெடுத்தாள். "பழசை எடுக்காமல் இதுக்கு மேல வைச்சா சப்பாத்து இறுக்கும். குதி வெளியில நழுவும். முதல் நாள் ஒரு மணித்தியாலம் போடுங்கோ. அடுத்த நாள் ரெண்டு. அப்பிடியே கூட்டிக்கொண்டு போங்கோ. எடுத்த எடுப்பில முழுநாளும் போட்டா கெண்டைக்கால் தாங்காது. வீட்ட வந்தவுடன வெளியில எடுத்துக் காய விடுங்கோ. கிழமைக்கு ஒருக்கா கொஞ்சம் சோப்புத் தண்ணியில துணியை நனைச்சுத் துடையுங்கோ. ஊறப் போடக்கூடாது. வெயிலில, ஹீற்றரில வைக்கவே கூடாது. இன்சூரன்ஸ் ரெண்டு வருசத்துக்கு ஒரு சோடிதான் தரும்."

கடைசியாக ஒரு கடிதத்தையும் அச்செடுத்துக் கையில் கொடுத்தாள். மணித்தியாலத்துக்குப் பத்து நிமிடம் இவர் கதிரையில் இருந்து வேலை செய்ய வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. "இதை வேலையில குடுங்கோ. இன்சோல் பாதி, இது பாதி."

பேர்ணடெற் கடிதத்தை நாலாக மடித்துக் கைப்பையின் உட்பக்க அறைக்குள் வைத்து சிப்பை இழுத்தாள். இப்படியொரு கடிதத்தை மூன்று வருடத்துக்கு முந்தி அடுத்த சதுரத்தில் நின்ற அன்ரனெற் கொடுத்திருந்தாள். முதுகு நோ. "இப்போதைக்கு இருந்து செய்யிற வேலை ஒண்டும் இல்லை, சுகமான பிறகு கூப்பிடுறம்," என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். ஏழு மாதமாகியும் கூப்பிடவில்லை. அந்தச் சதுரத்தில் வேறொரு பெண் நின்றாள்.

முதல் நாள் ஒரு மணித்தியாலம் என்பது சொல்லச் சுகமாக இருந்தது. வேலை எட்டு மணித்தியாலம். ஒரு மணித்தியாலம் முடிய இன்சோலை எடுத்துவிட்டுப் பழைய தகட்டைப் போடவேண்டும். பேர்ணடெற் கையை உயர்த்தினாள். மாற்றாள் வந்ததும் கழிப்பறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு, ஒற்றைக் காலில் நின்று ஒவ்வொரு சப்பாத்தாகக் கழற்றி, இடுப்பில் செருகி வந்த தகடுகளை மாற்றிப் போட்டாள். நாலு நிமிடம் போனது. உடுப்பு மாற்றும் அறையின் லொக்கருக்குப் போய் வர நேரமில்லை. வெள்ளைக் கோட்டுக்குப் பொக்கற்றும் கிடையாது. பாணுக்குள் எதுவும் விழுந்துவிடக்கூடாதென்று பொக்கற் இல்லாமலேதான் தைப்பார்கள். இரண்டு இன்சோலையும் கோட்டுக்குள்ளே இடுப்புப் பட்டியில் செருகிக்கொண்டு திரும்பி வந்தாள்.

இரண்டாம் நாளும் அப்படியே. இரண்டு மணித்தியாலம் கழித்து மாற்றிவிட்டு வந்து, மேல் தட்டிலிருந்த பைக் கட்டொன்றை எடுக்கக் கையை நீட்டினாள். இடுப்பில் ஏதோ வழுகியது. பிடிப்பதற்குள் ஒரு இன்சோல் கோட்டின் அடியால் விழுந்து, பெல்ற்றின் காலில் பட்டு, சதுரத்துக்கு வெளியே போய் நீலப்பக்கம் மேலாகக் கிடந்தது.

எதிரில் நின்ற பரிசோதனைப் பெண் அதைக் கண்டுவிட்டாள். சிவப்புப் பொத்தானை அமத்தினாள். பெல்ற் நின்றது. இருபத்திரண்டு வருடத்தில் தன்னால் பெல்ற் நின்றதை பேர்ணடெற் அன்றுதான் பார்த்தாள். சத்தம் அடங்கியதும் காதுக்குள் வெறும் இரைச்சல். பதினெட்டுப் பேரும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவளுக்குக் குனிந்து அதை எடுக்கவேண்டும் போல இருந்தது. ஆனால் சதுரத்தை விட்டு வெளியே கால் வைக்கவேண்டும். நின்ற இடத்திலேயே நின்றாள்.

சுப்பர்வைசர் நிசாந்தன் வந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். அவனுடைய தாயும் பேர்ணடெற்றும் ஒருகாலத்தில் ஒரே பஸ்சில் வேலைக்குப் போனவர்கள்.

"உதென்ன அன்ரி?"

"சப்பாத்துக்குள்ள போடுறது தம்பி. டொக்டர் தந்தவ."

"சப்பாத்துக்குள்ள போடுறது ஏன் சப்பாத்துக்கு வெளியில கிடக்கு?"

அவள் மணித்தியாலக் கணக்கைச் சொல்லத் தொடங்கினாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அது சிறுபிள்ளைக் கதை மாதிரிக் கேட்டது. நிசாந்தன் இன்சோலை விரல் நுனியால் தூக்கி ஒரு பிளாஸ்ரிக் பைக்குள் போட்டான்.

"அன்ரி, ஒண்டில் காலில போடுங்கோ, இல்லாட்டி வீட்ட வைச்சிட்டு வாங்கோ. கொண்டு திரியேலாது. நான் இதை எழுதாமல் விட்டா என்னைத்தான் பிடிப்பினம்."

அந்த நேரத்தில் பெல்ற்றிலிருந்த பணிஸ் எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டினார்கள். வேலை முடிந்து போகும்போது எச்சரிக்கைக் கடிதம் ஒன்றில் கையெழுத்து வைத்துவிட்டுத்தான் இன்சோலைத் திருப்பி வாங்கினாள்.

மூன்றாம் நாளிலிருந்து எட்டு மணித்தியாலமும் போட்டாள். உள்ளங்காலுக்கு நடுவில் ஒரு கல்லை வைத்துக் கட்டிவிட்ட மாதிரி இருந்தது. நாலாம் நாள் வலது காலில் கொப்புளம் எழும்பியது. கெண்டைக்கால் இரண்டும் கட்டையாகிப் போய், பஸ்சின் படியில் ஏறக் கையால் காலைத் தூக்கி வைத்தாள். இன்சோலை எடுத்து எறியலாமென்று நினைப்பாள். பிறகு விடியக் குத்தும் ஆணியை நினைப்பாள். அவள் நிற்கிற இடம் மாறாது. எந்த நோவோடு நிற்பது என்பது மட்டும்தான் அவள் கையிலிருந்தது.

மூன்றாவது கிழமை ஒரு வியாழக்கிழமை, கட்டிலிலிருந்து இறங்கிக் குளியலறைக் கதவு வரை போன பிறகுதான் அவளுக்கு உறைத்தது, ஆணி குத்தவில்லை. திரும்பி வந்து கட்டிலில் இருந்து மறுபடியும் இறங்கிப் பார்த்தாள். கொஞ்சம் இழுத்தது. அவ்வளவுதான்.

றொபேட்டுக்கு அதற்குள் இன்சோல் ஒரு வேலையாகிவிட்டது. மல்வேர்னிலுள்ள அவர்களுடைய ரவுண்ஹவுஸ் வீட்டை விட்டு அவர் வெளியே போவது கிழமைக்கு இரண்டு மூன்று தரம்தான். மிச்ச நேரமெல்லாம் யன்னலோரக் கதிரை. பேர்ணடெற் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றியதும், "இஞ்ச தாரும்," என்று இடது கையை நீட்டுவார். இன்சோலை வெளியே எடுத்து, சப்பாத்தின் நாக்கைப் பிடித்து விரித்து, இரண்டையும் தனித்தனியாக யன்னல் விளிம்பில் சாய்த்து வைப்பார். சனிக்கிழமையில் துணியை நனைத்துத் துடைப்பார். ஒற்றைக் கையால் துடைக்க ஒரு மணித்தியாலம் போகும். பேர்ணடெற் உதவிக்குப் போனால் கோபம் வரும்.

பங்குனியில் ஒருநாள் பனி இளகி, தெருவெல்லாம் கரைந்த சேறு. பஸ் தரிப்பிடத்தில் சேற்றுக்குள் கால் புதைந்து சப்பாத்துக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. அன்று வீட்டுக்கு வந்தவள் இடுப்புக்கு ஒரு தலையணையைக் கொடுத்துச் சரிந்தவள்தான், நித்திரையாகிப் போனாள். எழும்பியபோது வீட்டுக்குள் ஒட்டுப் பசை உருகும் மணம். ஹீற்றரின் மேல் இன்சோல் இரண்டும் கிடந்தன. நீலத் துணி சுருண்டு எழும்பி, குதிக் கிண்ணத்தின் விளிம்பு உள்ளே மடங்கியிருந்தது.

"நாளைக்குப் போடவேணுமெல்லோ," என்றார் றொபேட். "கெதியாக் காயட்டும் எண்டுதான்."

பேர்ணடெற் ஹீற்றரடியில் குனிந்தாள். சுருண்ட துணியை விரலால் அமத்தினாள். விட்டதும் மறுபடி எழும்பியது.

"ஏசுமன்," என்றார். "ஏசினா எனக்கு ஆறுதலா இருக்கும்."

"என்னத்தை ஏசுறது?"

"உமக்கு அறுபத்தைஞ்சு வர இன்னும் பன்ரண்டு வருசம். ரெண்டு வருசத்துக்கு ஒரு சோடி. இன்னும் ஆறு சோடி போடவேணும் நீர். முதல் சோடியையே நான் எரிச்சுப் போட்டன்."

அவர் பகலெல்லாம் இருந்து எதைக் கணக்குப் பண்ணுகிறார் என்று பேர்ணடெற்றுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆறு சோடி. அவளும் மனதுக்குள் அவற்றை வரிசையாக அடுக்கிப் பார்த்தாள். முதல்தரமாக அவளுக்கு அழுகை வந்தது. குசினிக்குள் போய்க் கேத்திலில் தண்ணீர் பிடித்தாள்.

சனிக்கிழமை அனோஜாவிடம் கொண்டுபோனாள். பிழை தன் மேல்தான், ஹீற்றரில் வைத்தது தான்தான் என்றாள். அனோஜா சுருண்ட துணியை உரித்து எறிந்துவிட்டுக் கீழேயிருந்த ஓட்டை வளைத்துப் பார்த்தாள். "ஓடு தப்பிட்டுது அன்ரி. மேல்துணியும் குதிப் பஞ்சும் புதுசா ஒட்டித் தாறன். கொஞ்சம் இருங்கோ." உள்ளே அரைக்கும் இயந்திரத்தின் சத்தம் கேட்டது. அரை மணித்தியாலத்தில் புதிது மாதிரிக் கொண்டுவந்து தந்தாள். பிறகு கேட்டாள்:

"கடிதம் குடுத்தனீங்களோ? என்ன சொன்னவை?"

"குடுத்தனான். பாப்பம் எண்டவை."

பொய்யைச் சொல்லிவிட்டு பேர்ணடெற் சப்பாத்தின் நாடாவைக் கட்டக் குனிந்தாள். கட்டி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தாள்.

திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் நிசாந்தன் தனியாக நின்றபோது கைப்பையைத் திறந்து கடிதத்தை நீட்டினாள். மடிப்பில் எழுத்து மங்கியிருந்தது. அவன் முழுக்க வாசித்தான். திகதியையும் பார்த்தான். பிறகு முன்பிருந்த மடிப்பிலேயே மடித்து அவளிடம் திருப்பிக் கொடுத்தான்.

"நான் இதைக் காணேல்லை அன்ரி."

"ஏன் தம்பி?"

"கண்டா மேல அனுப்பவேணும். மேல போனா உங்களை வீட்ட அனுப்பிப்போடுவினம். அன்ரனெற் அன்ரியின்ர கடிதத்தை நான்தான் கொண்டுபோய்க் குடுத்தனான். நல்லது செய்யிறன் எண்டுதான் குடுத்தனான்." குரலைத் தாழ்த்தினான். "உங்களுக்கு நிக்கிறதுக்கு ஒரு றப்பர் பாய் எடுத்துத் தாறன். அது எனக்கு ஏலும்."

அவன் கண்ணில் பொய் இல்லை. அதுதான் அவளுக்கு அந்தரமாக இருந்தது. தடுக்கிறவன் கெட்டவனாக இருந்தால் சண்டை பிடிக்கலாம். "சரி தம்பி," என்று கடிதத்தைப் பைக்குள் வைத்தாள்.

இரண்டு நாளில் பாய் வந்தது. கறுப்பு, தடிப்பானது. சதுரத்தின் அளவுக்கே அச்சொட்டாக வெட்டியிருந்தார்கள். மஞ்சள் கோடு மட்டும் சுற்றிவரத் தெரிந்தது. கால் உண்மையிலேயே சுகமாக இருந்தது. இன்சோலும் பாயுமாக அவள் எட்டு மணித்தியாலமும் நின்றாள். சித்திரை போய் வைகாசி வந்தது. நோ இல்லாத நாளில் நேரம் இன்னும் நீளமாகத் தெரிந்தது. முன்பு நோவைப் பார்த்துக்கொண்டு நின்றவள், இப்போது சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசைக்குப் போனார்கள். றொபேட் நோய் வந்த நாள் தொட்டு வாங்கில் இருந்தபடிதான் பூசை காண்பார். பேர்ணடெற் பக்கத்தில். அவளுக்கு அடுத்ததாக அன்ரனெற். இப்போது வீட்டில் மற்றவர்களின் பிள்ளைகளைப் பார்க்கிறாள். அல்லேலூயா தொடங்கியதும் நற்செய்திக்காகக் கோயில் முழுக்க எழும்பி நின்றது. உடுப்புகள் சரசரத்தன. பேர்ணடெற்றின் கையும் எழும்புவதற்காக முன் வாங்கைப் பிடித்தது. பிறகு அந்தக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

முன்னால் நின்றவர்களின் முதுகுதான் தெரிந்தது. றொபேட் திரும்பி அவளைப் பார்த்தார். அன்ரனெற் குனிந்து காதுக்குள் கேட்டாள்:

"என்ன, எழும்ப ஏலாதோ?"

"ஏலும்," என்றாள் பேர்ணடெற்.

சுவாமியார் நற்செய்தியை வாசிக்கத் தொடங்கினார். அவள் சப்பாத்துக்குள் விரல்களை ஒருதரம் நீட்டி மடக்கி, நன்றாகச் சாய்ந்து இருந்துகொண்டு கேட்டாள்.