பொம்பளைங்க பக்கத்து கேசட்

ஒரே பாட்டை எதற்கு இத்தனை கேசட்டில் வைத்திருக்கிறான் என்று என் மாமாவைப் பற்றி அம்மா கேட்காத நாள் இல்லை. மாமா என்றால் அம்மாவின் தம்பி. மொரப்பூரில் எங்கள் வூட்டிலேயே தங்கிக்கொண்டு புளி மண்டிக்கு எடை போடும் வேலைக்குப் போய்வந்தார். அவருடைய கேசட் எதை எடுத்து மோந்தாலும் புளி வாசனை அடிக்கும். "அது ஒரே பாட்டு இல்லக்கா. அரூர்ல பாடுனது வேற, பாலக்கோட்டுல பாடுனது வேற" என்பார். அம்மாவுக்கு அது விளங்காது. எனக்கும் விளங்காது. ஆனால் விளங்கியது போலத் தலையாட்டி வைப்பேன். இல்லையென்று சொன்னால் மாமா கோவித்துக்கொண்டு எங்கேயாவது போய்விடுவாரோ என்று பயம். எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். இன்றைக்கும் கேஸ் சிலிண்டரை மூடினேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிற ஆள்தான் நான்.

எட்டாம் மைல் என்று ஒரு குழு அப்போது இருந்தது. ஓசூர்ப் பக்கத்துப் பையன்கள் நாலு பேர். கிடார், டிரம்ஸ், தொண்டை கிழியப் பாடுகிற ஒருவர். சினிமாப் பாட்டு பாடமாட்டார்கள். எல்லாம் சொந்தப் பாட்டு, தமிழில் ஆரம்பித்து நடுவில் கன்னடத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வரும். நோட்டீஸில் ராக் பேண்டு என்று போட்டிருக்கும். பெரியவர்கள் "கத்துறவங்க" என்பார்கள். திருவிழாக் கமிட்டியில் இளவட்டங்களின் கை ஓங்கியிருக்கிற ஊர்களில் மட்டும் அவர்களைக் கூப்பிடுவார்கள். அவர்கள் கடைசிவரை ஒரு கேசட்டும் போடவில்லை. மேடையில் பாடும்போது யாராவது டேப்பில் பிடித்தால்தான் உண்டு. அப்படிப் பிடித்துவைக்கிற என் மாமாவைப் போன்றவர்கள் மாவட்டம் முழுக்க ஊருக்கு ஒருவராக இருந்தார்கள்.

அவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு இருந்தது. கேசட்டை விற்கக் கூடாது, ஒன்றுக்கு ஒன்று மாற்றிக்கொள்ளத்தான் வேண்டும். அடுத்தது, எதையும் வெட்டக் கூடாது. பாடுகிறவர் நடுவில் தண்ணீர் குடித்து இருமினால் அந்த இருமலும் இருக்க வேண்டும். வெட்டிய கேசட்டைக் கொடுத்த வெண்ணாம்பட்டிக்காரர் ஒருவரோடு அதற்கப்புறம் யாரும் பேசவில்லை என்று மாமா சொல்லக் கேட்டிருக்கிறேன். ஏதோ கொலை செய்துவிட்டவரைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார்.

மாமா அடிக்கடி மாற்றிக்கொண்டது கம்பைநல்லூர்க்காரர் ஒருவரிடம். அவர் அங்கே சவுண்டு சர்வீஸ் வைத்திருந்தார். தூரத்து வழியில் பார்த்தால் பெண் எடுக்கிற, கொடுக்கிற உறவுதான், ஆனால் போக்குவரத்து இல்லை. அவரிடமிருந்து வருகிற கேசட்டின் அட்டையில் பாட்டு வரிசை முத்து முத்தான எழுத்தில் இருக்கும். "அவரு தங்கச்சி எழுத்துக்கா. அந்த வூட்ல கேசட் போட்டா எல்லாரும் உக்காந்து கேக்கறாங்க. நம்ம வூட்ட மாதிரி இல்ல" என்று ஒருமுறை மாமா குத்திக் காட்டினார். அம்மா அந்த அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எல்லாரும்னா, அந்தப் புள்ளயும் கேக்குமா?" என்றாள். "கேக்கும்" என்றார் மாமா. அம்மா அட்டையைக் கொடுத்துவிட்டு உலை பார்க்கப் போய்விட்டாள்.

கம்பைநல்லூர்க்காரரிடம் ஒரு கேசட் இருந்தது. எட்டாம் மைல் முதன்முதலாக வாசித்தது ஒகேனக்கல்லில், ஆடிப் பெருக்குக் கூட்டத்துக்கு நடுவில், மீன் வறுக்கிற கடைகளுக்கு முன்னால் நின்று. அதைப் பிடித்தவர் இவர் ஒருவர்தான். பாட்டுக்குப் பின்னால் அருவிச் சத்தம் விடாமல் கேட்கும் என்பார்கள். மாமாவுக்கு அது வேண்டும். சாப்பிடும்போதெல்லாம் அந்தப் பேச்சுதான். கம்பைநல்லூர்க்காரர் மசியவே இல்லை. கடைசியில் ஒரு நிபந்தனை சொல்லி அனுப்பினார். மொரப்பூர்த் திருவிழாவுக்கு எட்டாம் மைல் வருகிறது. கம்பத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டும்போது விழுந்து காலில் மாவுக்கட்டோடு கிடப்பதால் அவரால் வர முடியாது. விசில் இல்லாமல் முழுக் கச்சேரியையும் பிடித்துக் கொடுத்தால் ஒகேனக்கல் கேசட் மாமாவுக்கு.

விசில் இல்லாமல் என்பதில்தான் சிக்கல். எங்கள் ஊரில் மேடைக்கு முன்னால் சாக்கு விரித்து உட்காருவது பெண்களும் பிள்ளைகளும். நடுவில் ஒரு கயிறு கட்டுவார்கள். கயிற்றுக்குப் பின்னால் ஆண்கள் நிற்பார்கள். டேப் வைத்திருக்கிற எல்லாரும் ஆண்கள் என்பதால், மாவட்டத்தில் இருந்த எல்லாக் கேசட்டிலும் பாட்டுக்குச் சமமாக விசிலும் இருந்தது. கயிற்றைத் தாண்டி உட்கார மாமாவால் முடியாது. தாண்டினால் கமிட்டிக்காரர்கள் மைக்கிலேயே பேர் சொல்லித் திட்டுவார்கள். ஆகவே என்னைப் பிடித்தார்.

ஒரு வாரம் எனக்குப் பாடம் நடந்தது. சிவப்புப் பொத்தானையும் பக்கத்துப் பொத்தானையும் சேர்த்து அழுத்த வேண்டும். ஒரு பக்கம் முடிந்து 'டக்' என்றதும் திருப்பிப் போட வேண்டும். பேசக் கூடாது, தும்மக் கூடாது. எனக்குச் சோறு இறங்கவில்லை. பேட்டரிக் கட்டை தீர்ந்துபோனால்? மழை வந்தால்? டேப் சிக்கிக்கொண்டால்? "சிக்குனா பென்சில் வச்சிச் சுத்திக்கலாம் பாப்பா" என்று மாமா ஒரு பென்சிலும் கொடுத்தார். அது உடைந்தால் என்ன செய்வது என்று இன்னொன்றையும் நானே எடுத்து வைத்துக்கொண்டேன்.

யார் துணைக்குப் போவது என்று வந்தபோது அம்மா உடனே நான் வருகிறேன் என்றாள். கத்துறவங்களைப் பார்க்க நானா என்று கேட்டவள் இவள். நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு, எதிர்வூட்டு அக்காவையும் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். மாமாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

இடது பக்க ஸ்பீக்கருக்கு நேராக இடம் பிடித்தோம். டேப் மடியில், மேலே தூசிக்கு ஒரு துண்டு. பொழுது சாய்ந்து மேடை விளக்கு போட்டதும் இரண்டு பொத்தானையும் அழுத்தினேன். சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் மாமா கழுத்தை நீட்டிப் பார்ப்பது தெரிந்தது. முதல் பாட்டு அடித்துத் தூள் கிளப்பியது. அம்மா வறுத்த கடலையை வாயில் போட்டுக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் இருந்தாள். எனக்கு நிம்மதியாக இருந்தது.

பாட்டு முடிந்து கிடாரை முறுக்கிச் சுருதி சேர்க்க ஆரம்பித்தார்கள். அம்மா என் பக்கம் குனிந்து, "ஓடுதா?" என்றாள்.

தலையாட்டினேன்.

"ஏக்கா, உன் தம்பிக்கு எங்கியாச்சும் பாக்கறீங்களா?" என்று எதிர்வூட்டு அக்கா சத்தமாகக் கேட்டார்.

"பாத்துக்கிட்டுதான் இருக்கறோம். நம்ம ஆசைக்கு அமையணுமே."

"ஊரு சுத்துறான்னு சொல்றாங்க?"

"எந்த ஊரு சுத்துறான்? கச்சேரி நடக்கற ஊருக்குப் போறான், முடிஞ்சா பஸ்ஸைப் புடிச்சி வூட்டுக்கு வரான். குடி கெடையாது, பீடி கெடையாது. அவனுக்கு இருக்கற ஒரே கெட்ட பழக்கம் இந்தக் கேசட்டுதான்."

பேசாதீங்க என்று நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அம்மா கடலையை எடுத்துக்கொண்டாள். அடுத்த பாட்டு ஆரம்பித்ததும் இரண்டு பேரும் கப்சிப். டிரம்ஸ் அடிக்கும்போது எவ்வளவு வேண்டுமானாலும் பேசியிருக்கலாம், ஒன்றும் பதிந்திருக்காது. அப்போதெல்லாம் பேசமாட்டாள். டிரம்ஸ் நின்று கிடார் மட்டும் மெல்லத் தனியாகப் போகிற இடம் வந்ததும் துண்டைத் தூக்கிப் பார்ப்பாள், "ஓடுதா பாப்பா?" என்பாள், பேச ஆரம்பித்துவிடுவாள். வேண்டுமென்றே கெடுப்பது போல இருந்தது. எனக்கு அழுகை முட்டியது.

அதிலும் ஒரு இடத்தில், "எங்க மாமியாருக்கு ஒடம்பு முடியாதப்ப கொட்டுற மழையில தருமபுரி வரைக்கும் சைக்கிள் மிதிச்சி மருந்து வாங்கியாந்தான், வேற எந்தத் தம்பி செய்வான்?" என்றாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"அது மாமா இல்லம்மா, அப்பா! பஸ்ல போனாரு!"

தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது. அதற்கப்புறம் நான் வாயைத் திறக்கவில்லை. தினமும் விடிகாலையில் எழுந்து தம்பிதான் தண்ணீர் இறைத்துக் கொடுக்கிறான் என்றாள். அதையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கச்சேரி முடிகிறவரை டேப் சிக்கவில்லை, மழை வரவில்லை, பேட்டரியும் தீரவில்லை. இத்தனைக்கும் பயந்த நான் அம்மாவுக்குப் பயப்பட மறந்துவிட்டேன்.

மறுநாள் மண்டிக்கு லீவு போட்டுவிட்டு மாமா கேட்டார். முதல் பாட்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டார். ஸ்பீக்கர் அப்படியே வூட்டுக்குள் வந்தது போல இருந்தது. விசில் எங்கோ தூரத்தில், குருவி கத்துவது போல. அப்புறம் அம்மாவின் குரல் வந்தது. மாமா கண்ணைத் திறந்தார். அம்மாவைத் திட்ட அவருக்கு வாய் வராது. "வெட்டவும் கூடாதேக்கா" என்று மட்டும் சொன்னார்.

"வெட்டாத. இருக்கறதைக் கொண்டுபோய்க் குடு. கேட்டுட்டு அவங்க சொல்லட்டும்" என்றாள் அம்மா. ஒரு வருத்தமும் இல்லாமல் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை மாமா என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். யார் பிடித்தது என்று கேட்டால் காட்டுவதற்கு. கம்பைநல்லூர் வரைக்கும் கேசட் பத்திரமாக இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

கம்பைநல்லூர்க்காரர் மாவுக்கட்டுக் காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாமா சொன்னது உண்மைதான், கேசட் போட்டதும் அவருடைய அம்மா வந்து சுவரோரம் உட்கார்ந்தார். எழுத்து அழகான தங்கச்சி கதவுநிலையில் சாய்ந்து நின்றார். முதல் பாட்டுக்கு அண்ணன்காரர் தொடையில் தாளம் போட்டார். பேச்சு வந்ததும் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"யாருப்பா இந்தம்மா?"

"எங்கக்காதாங்கண்ணா" என்றார் மாமா, தரையைப் பார்த்துக்கொண்டு.

நான் அது அப்பா என்று கத்திய இடத்தில் கதவுநிலையில் நின்றவர் களுக்கென்று சிரித்தார். சுவரோரம் இருந்த பெரியம்மா கையை நீட்டினார். "டேய், அதைத் திருப்பிப் போடு."

"பாட்டையாம்மா?"

"பாட்டு கெடக்குது. அந்தம்மா பேசுனதைப் போடு."

மூன்று தரம் திருப்பித் திருப்பிப் போட்டார்கள். கம்பைநல்லூர்க்காரருக்கு உயிரே போனது. டேப் தேயும் என்று சொல்லிப் பார்த்தார். பெரியம்மா கேட்கவில்லை. பிறகு எங்களுக்குக் காப்பி வந்தது, எனக்கு முறுக்கும் வந்தது. கிளம்பும்போது, "அந்தத் தம்பிக்கு அது என்னமோ ஒகேனக்கல்லாமே, அதைக் குடுத்தனுப்பு" என்றார் பெரியம்மா.

பஸ்ஸில் மாமா அந்தக் கேசட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தார். "அவங்களுக்குக் காது சரியில்ல பாப்பா" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அடுத்த வாரம் அந்த வூட்டிலிருந்து நாலு பேர் பழத்தட்டோடு வந்தார்கள். தை பிறந்ததும் கல்யாணம். அதுவரை அண்ணா அண்ணா என்று கூப்பிட்டவரை மச்சான் என்று கூப்பிட மாமாவுக்கு நாக்குத் திரும்ப வெகுநாள் ஆயிற்று. பந்தலில் எட்டாம் மைல் கேசட் போடக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். அது ஒன்றுதான் குறை.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு அத்தையிடம்தான் நான் தையல் பழகினேன். அத்தை என்றால் அந்தக் கதவுநிலையில் நின்றவர். ஒருநாள் பொத்தான் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருக்கும்போது, அத்தை தன்னோடு கொண்டுவந்திருந்த அந்த மொரப்பூர் கேசட் ஓடிக்கொண்டிருந்தது. "ஓடுதா பாப்பா?" என்றாள் அம்மா, கேசட்டுக்குள்ளிருந்து. அத்தை மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

"உங்கம்மா எங்களுக்குக் கேக்கணும்னுதான் பேசறாங்கன்னு மொத பேச்சிலயே எங்கம்மாவுக்குத் தெரிஞ்சிபோச்சு. ஓடுதா ஓடுதான்னு எதுக்குக் கேக்கறாங்க பின்ன? மாப்பிள்ள வூட்டுக்காரங்க தானா போயிப் பொண்ணு கேட்டா எறக்கம்னு இப்பிடிச் சொல்லி வுட்டிருக்காங்க."

எனக்கு ஊசி கையிலேயே நின்றுவிட்டது. டேப் நின்றுவிடுமோ என்று என்னைப் போலவே அம்மாவுக்கும் கவலை என்றல்லவா இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்!

"அப்ப அம்மா பேசுனதைக் கேட்டுத்தான் சம்மதிச்சீங்களா அத்த?"

"உங்கம்மா பேச்சை யாரு நம்புனா? எல்லா அக்காவும் தம்பியை அப்பிடித்தான் சொல்லுவாங்க. ஒன் பேச்சை நம்புனேன். ஒரு பொய்யி வந்ததும் அது அப்பான்னு பட்டுனு சொன்ன பாரு. மிச்சத்துக்கெல்லாம் சும்மா இருந்த. அப்ப மிச்சமெல்லாம் நெசம்னு நெனச்சிக்கிட்டேன்." துணியைத் திருப்பிப் போட்டு மெஷினை மிதித்தார். "அந்தத் தண்ணி எறைக்கறது மட்டும் எப்பிடியோ ஒனக்குத் தப்பிப்போச்சு. ஏழு மணிக்குத் தட்டி எழுப்புனாலும் எந்திரிக்காது உங்க மாமா."

நான் தலையாட்டி வைத்தேன். கேசட்டில் டிரம்ஸ் நின்று கிடார் தனியாகப் போய்க்கொண்டிருந்தது. என் குரல் கத்தியது, அப்புறம் அடங்கிவிட்டது. இன்றைக்கும் அத்தையிடம் நான் சொல்லவில்லை. அம்மா கிள்ளியது கேசட்டில் பதிந்திருக்கவில்லை.