கிருபாசங்கர் சாரின் ஈர அளவு

நிலக்கடலைக்குக் காய் மண்ணுக்குள் பிடிக்குமா, கொப்பில் தொங்குமா என்று கேட்டால், நாற்பத்திரண்டு வயது கிருபாசங்கர் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார். பிறந்தது ஆர்.எஸ்.புரம், படித்தது ஊட்டி கான்வென்ட். அமெரிக்காவில் எட்டு மாதம் ஏதோ பயிற்சி முடித்தார். அதைச் சொல்லியே பன்னிரண்டு வருடம் ஓட்டிவிட்டார். தொண்ணூற்றாறில் கோவையில் ஒரு விதை நிறுவனத்தின் புள்ளியியல் பிரிவுக்கு அவர்தான் மேலாளர்.

அவருக்குக் கீழே அருள்குமார். அன்னூர்ப் பக்கத்துக் கடலைக்காட்டுக்காரன். குடும்பத்தில் முதல் பட்டதாரி. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

அலுவலகத்தில் ஒரே கணினி. அதில் எஸ்-பிளஸ் என்ற புள்ளியியல் மொழி, எல்லோருக்கும் ஒரே டைரக்டரி. அங்கே ஒரு பெயருக்கு ஒரு மதிப்பைக் கொடுத்துவிட்டால் மெஷினை அணைத்தாலும் அது போகாது. அதில் எழுதும் ஒரு ஃபங்ஷனுக்கு, அதாவது கணக்குச் செய்முறைக்கு, வேண்டிய பெயர் அதற்குள்ளேயே இல்லாவிட்டால், வெளியே அந்தப் பொதுக் குவியலில் இருப்பதைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொள்ளும். எப்போது, எதற்காகப் போட்டது என்று கேட்காது. இது தெரிந்தவன் அவ்வப்போது சுத்தம் செய்வான். கிருபாசங்கரோ கல்யாண மண்டப வாசலில் செருப்பு விடுவதுபோல எக்ஸ், ஒய், எம் என்று விட்டெறிந்துவிட்டுப் போவார்.

வெள்ளிக்கிழமை காலை எம்.டி.க்குப் போக வேண்டிய கடலை விளைச்சல் அட்டவணையை அருள்குமாரிடம் நீட்டினார். கீழே ‘தயாரித்தவர்: அருள்குமார்’ என்று இருந்தது.

“கையெழுத்துப் போடு. பதினொன்னாம் நம்பர் ரகம் ஏழாம் நம்பரை ஜெயிச்சுது. வார பட்டத்து விதைப்புக்கு அதுதான்.”

“சார், அது மழைல புடுங்குனதுங்க. எடைல நூத்துக்கு இருபத்தெட்டு வெறும் ஈரமுங்க.”

“ஈரத்தைக் கழிக்கத்தானய்யா ஃபங்ஷன் எழுதியிருக்கேன்? காட்டுக்காரரு கம்ப்யூட்டருக்கு ஏர் பூட்ட வந்துட்டாரு!”

டேட்டா அடிக்கும் சாந்தாமணி சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

அருள்குமார் ஃபங்ஷனைத் திறந்தான். ஈர அளவுக்கு ‘எம்’ என்று பெயர். அதற்கு உள்ளே மதிப்பே இல்லை. வெளியே, போன மாதம் வெயிலில் பிடுங்கிய ஏழாம் நம்பருக்காகப் போட்ட பத்து அப்படியே கிடந்தது. இரண்டு ரகத்துக்கும் அதே பத்துதான் கழிந்திருந்தது. அதை அழித்துவிட்டு ஃபங்ஷனை ஓட்டினான். ‘எம்’ கிடைக்கவில்லை என்றது மெஷின்.

“ஏய், என்னத்தடா அழிச்சுப்போட்டே?”

“நீங்க மறந்ததைங்க, சார்.”

ஈர அளவை ஒவ்வொரு முறையும் கையில் கொடுத்தால்தான் வேலை செய்யும்படி ஃபங்ஷனைத் திருத்தினான். ஈரம் போக ஏழாம் நம்பர் பதினெட்டே முக்கால் கிலோவுக்கு மேல் நின்றது. பதினொன்று பதினேழேகாலுக்கு இறங்கியது.

கிருபாசங்கர் புது அட்டவணையை உருவினார். ‘தயாரித்தவர்’ என்ற இடத்தில் தன் பெயரை எழுதிக்கொண்டு எம்.டி. அறைக்குள் போனார். தப்புக்கு அருள்குமார் பெயர், சரிக்கு அவர் பெயர்! பெரிய மனிதர்.

“ஏனுங்க தம்பி, சும்மா உட்டுப்போட்டீங்களே?” என்றாள் சாந்தாமணி.

“அந்தாளோட மல்லுக்கட்டறதே எனக்குக் கேவலமுங்க அக்கா. ஏழாம் நம்பர் காட்டுக்குப் போவுதல்ல, அது போதும்.”

பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கதவு திறந்து கிருபாசங்கரின் வியர்த்த முகம் எட்டிப் பார்த்தது.

“அருள்… ரெண்டுக்கும் ஈரம் ஏன் வேற வேறன்னு எம்.டி. கேக்கறாரு. கொஞ்சம் வாங்களேன்.”

அருள்குமார் டம்ளரில் மிச்சமிருந்த டீயை நிதானமாகக் குடித்து முடித்தான். அப்புறம்தான் எழுந்தான்.